தூக்கணாங்குருவி ஏன் பாதிக் கூட்டோடு நிறுத்துகிறது

பறவைகளும் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓர் ஏரிக்கரையில் ஏழு பனை மரங்கள் நின்றன. தூக்கணாங்குருவி, தேன்சிட்டு, மைனா, அணில் என்று அந்தப் பனைகளில் கூடு கட்டிப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. எல்லாருக்கும் வருஷா வருஷம் ஒரே கவலைதான். ஆடி மாதம் காற்று வரும். அது எந்தப் பக்கத்திலிருந்து வந்து அறையும்? அறைகிற பக்கமாகப் பார்த்துக் கட்டினால் கூடும் போச்சு, குஞ்சும் போச்சு.

அதைக் கணக்குப் போட்டுச் சொல்ல ஒருத்தி இருந்தாள். மூக்காயி என்று பெயர், இருவாச்சிப் பறவை. கரையோரத்து மருத மரத்தில் ஒரு பொந்தில் குடியிருந்தாள். கெட்டிக்காரி, அதில் சந்தேகமே வேண்டாம். பதில் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் முதலில் அவள் ஒரு கேள்வி கேட்பாள்: போன ஆடியில் உன் கூட்டைக் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது? அவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு விதையாக உள்ளே எடுத்து வைப்பாள். அடுக்குவாள், கலைப்பாள், உருட்டுவாள். பிறகு பதில் வரும். ஒரே வரி, சுத்தமாக, இழுத்தடிக்காமல்.

ஆனால் அந்தக் கணக்கை அவள் எப்படிப் போடுகிறாள் என்பதை மட்டும் யாரும் பார்க்கக் கூடாது. அதற்காகவே பொந்து வாசலை மண் குழைத்துப் பூசி அடைத்துவிட்டாள். மூக்கு வெளியே வருகிற அளவுக்கு ஒரு கீற்று, அவ்வளவுதான். கேட்க வருகிறவர் அந்தக் கீற்று வழியாக மூன்று ஆலம்பழம் ஊட்ட வேண்டும். வாங்கின பதில் அந்த ஆடிக்கு மட்டும்தான். அடுத்த ஆடிக்கு மறுபடியும் மூன்று பழம். பக்கத்துக் கூட்டுக்காரியிடம் அதைச் சொல்லவும் கூடாது. அவளுக்கு வேண்டுமென்றால் அவளே பழத்தோடு வரட்டும். இதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள், அதிலும் ஒரு வசதி இருக்கத்தான் செய்தது. சந்தேகம் வந்தால் போய்த் தட்ட ஒரு கதவு இருந்தது, பதில் சொல்ல உள்ளே ஓர் ஆள் இருந்தாள்.

சிலம்பாயி என்கிற தூக்கணாங்குருவி அந்தக் கதவைத் தட்டித்தான் கெட்டாள். போன ஆடிக்கு முன்னால் மூன்று பழம் ஊட்டிக் கேட்டபோது, கிழக்குக் காற்றுதான் பலம், மேற்குப் பக்கம் கட்டு என்று பதில் வந்தது. அவள் புருஷன் இழையனும் அப்படியே மேற்குப் பக்கத்து மட்டையில் கூட்டைத் தொங்கவிட்டான். ஆடி பிறந்த பத்தாம் நாள் மேற்கிலிருந்து ஒரு காற்று வந்தது பாருங்கள், கூட்டைப் பிய்த்து ஏரியில் எறிந்துவிட்டுப் போனது. உள்ளே மூன்று முட்டைகள் இருந்தன. அதுவரை பதினோரு நாள் சிலம்பாயி மூன்றையும் தன் சூட்டில் வைத்துக் காத்திருந்தாள்.

நனைந்த சிறகோடு மூக்காயியிடம் போய் நின்றாள். மூக்காயி உள்ளேயே மறுபடி விதைகளை எண்ணினாள். பொறுமையாகத்தான் எண்ணினாள்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு தங்கச்சி. காத்துதான் தப்பா வந்திருக்கு" என்றாள்.

இது போன வருஷத்துக் கதை. இந்த வருஷம் மறுபடியும் ஆடி நெருங்கியது, சிலம்பாயியின் வயிற்றில் மறுபடியும் முட்டை. பத்து நாளுக்குள் கூடு வேண்டும். வேறு வழி தெரியாமல் மூன்று பழத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அதே பதில் வந்தது. இழையனும் மேற்குப் பக்கத்தில் வேலையைத் தொடங்கிவிட்டான். சிலம்பாயிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. திரும்பவும் மருத மரத்துக்குப் பறந்தாள்.

"அந்தக் கணக்கை ஒரே ஒரு தடவை காட்டுங்கக்கா. பார்த்துட்டுப் போயிடறேன்."

"காட்டினா நாளைக்கு நீயே போட்டுக்குவே. அப்புறம் எனக்கு யாரு பழம் கொண்டாருவா?" என்றாள் மூக்காயி.

அதுவும் நியாயம்தான். சிலம்பாயி கிளையை விட்டுக் கிளம்பினாள். ஆனால் திரும்பி வரும் வழியில் பறந்துகொண்டே யோசித்தாள். மூக்காயி அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் நாங்கள் சொன்னதுதானே? நாங்கள் சொன்னதை நாங்களே சேர்த்துப் பார்த்தால் என்ன?

வந்து பார்த்தால் இழையன் பாதிக் கூட்டை முடித்திருந்தான். அன்று வரைக்கும் தூக்கணாங்குருவி கூடு கட்ட ஆரம்பித்தால் ஒரே மூச்சில் கட்டி மூடிவிடும். நடுவில் ஒருவர் எட்டிப் பார்ப்பதென்பதே கிடையாது. இழையன் கூட்டில் மேல் கூரை ஆயிற்று, கீழே குறுக்காக ஒரு பட்டை ஆயிற்று. இனி பட்டைக்கு ஒரு பக்கம் முட்டை அறை, மறுபக்கம் நுழைவுக் குழாய், இரண்டையும் பின்னி மூட வேண்டியதுதான் பாக்கி. சிலம்பாயி நேராக வந்து அந்தப் பட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"நிறுத்துங்க. இதுக்கு மேல ஒரு நார்கூடப் பின்னக் கூடாது."

இழையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு பனையிலும் அவனைப் போல முடிச்சுப் போட ஆள் கிடையாது என்று அவனுக்கு ஒரு நினைப்பு. பாதிக் கூட்டை ஊர் பார்க்கத் தொங்கவிடுவதும், கை ஒன்று தைக்காத சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதும் அவனுக்கு ஒன்றுதான். ஆனால் சிலம்பாயி பட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்திருக்காதபோது அவன் எங்கே பின்னுவது?

அவள் செய்தது இதுதான். பனையில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக வர வேண்டும். போன ஆடியில் தன் கூட்டைக் கிழக்குக் காற்று அடித்ததென்றால் பட்டைக்குக் கிழக்கே ஒரு புல்லைக் கட்ட வேண்டும், மேற்குக் காற்று அடித்ததென்றால் மேற்கே. பழமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். யார் வேண்டுமானாலும் கீழிருந்து எட்டிப் பார்க்கலாம், எண்ணலாம், தப்பு இருந்தால் சொல்லலாம்.

முதல் இரண்டு நாள் சந்தைக்கடை தோற்றது. அணில் ஒருவன் ஆசை தீராமல் நாலு புல் கட்டிவிட்டுப் போனான். அதைப் பார்த்த அவன் பக்கத்து மைனா ஒன்றை விட்டுவிட்டு மூன்றை அறுத்துப் போட்டாள். யாரோ ஒரு சிட்டு கிழக்கு எது மேற்கு எது என்றே தெரியாமல் நடுவில் கட்டிவிட்டது. மருத மரத்தில் இந்தத் தலைவலியெல்லாம் உண்டா என்று இழையன் நாள் முழுவதும் முனகினான். சிலம்பாயிக்கே ஒரு கட்டத்தில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறபடி தொங்கியதால், தப்பு ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

நாலாம் நாள் எண்ணினார்கள். கிழக்கே முப்பத்தொரு புல். மேற்கே ஒன்றே ஒன்று. அந்த ஒன்று சிலம்பாயி கட்டியது, அதுவும் கடைசி ஆளாகக் கூச்சப்பட்டுக்கொண்டு கட்டியது.

ஆக, கிழக்குக் காற்றுதான் பலம். மூக்காயி சொன்ன அதே பதில். இழையன் சிரித்தான் சிரித்தான், மட்டையில் கால் தரிக்காமல் சிரித்தான். மூன்று பழத்துக்குக் கிடைக்கிற பதிலுக்கு நாலு நாளைத் தொலைத்தோமே என்றான். சிலம்பாயிக்கு அழுகையாக வந்தது. அப்படியானால் போன வருஷம் தனக்கு நடந்தது வெறும் தலையெழுத்துதானா? அவள் பட்டையை விட்டு எழுந்தாள். இழையன் நாரைக் கவ்விக்கொண்டு மூட வந்தான்.

அந்த நேரம் பார்த்துக் கரையில் இருந்த முருங்கைப் பூவுக்கு ஒரு தேன்சிட்டு வந்தது. பவளி என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பனையில்தான் இருந்தாள், இப்போது பக்கத்து ஏரியில் குடியிருக்கிறாள். திறந்து தொங்குகிற கூட்டைக் கண்டதும் ஆசையாக எட்டிப் பார்த்து, இந்தப் புல்லெல்லாம் எதற்கு என்று அணிலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மேற்குப் பக்கத்தில் ஒரே ஒரு புல் தொங்கியதைப் பார்த்து அவள் முகம் மாறியது.

"எங்க புல்லு எங்கே?" என்று கேட்டாள்.

யாருடைய புல் என்று சிலம்பாயி கேட்டாள்.

"கூடு பறிபோனவங்க புல்லுதான். மேற்குக் காத்து எங்க கூட்டைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கே குடும்பம் குடும்பமா இந்த ஊரை விட்டுப் போனோம். எங்களை யாரு வந்து கேட்டீங்க?"

சிலம்பாயி மறுபடியும் பட்டைமேல் ஏறி உட்கார்ந்தாள். சுற்றி நின்ற முப்பத்தொரு பேரையும் திரும்பிப் பார்த்து, உங்கள் கூடெல்லாம் போன வருஷம் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டாள். கிழக்கே என்றார்கள், ஒருவர் பாக்கியில்லாமல்; மேற்கே இடம் கிடைக்காமல் அந்தப் பக்கம் ஒதுங்கியவர்கள். கிழக்கே இருந்தவர்களுக்கு மேற்குக் காற்று எப்படித் தெரியும்? மரமே மறைத்துக்கொண்டதே. அவர்கள் மேல் பட்டதெல்லாம் எப்போதாவது வருகிற கிழக்குக் காற்றுதான், அவர்கள் பிழைத்ததும் மரம் மறைத்ததால்தான். மேற்கே இருந்தவர்கள் ஊரிலேயே இல்லை. ஊரில் இருப்பவர்களை மட்டும் கேட்டால் காற்று கிழக்கிலிருந்துதான் வரும். மூக்காயி பொய் சொல்லவில்லை. தன் வாசலுக்கு வந்தவர்களை மட்டுமே எண்ணியிருந்தாள், பாவம்.

பவளி பறந்தாள். மறுநாள் பக்கத்து ஏரி, அதற்கடுத்த குளம், தோப்பு என்று எல்லா இடத்திலிருந்தும் வந்தார்கள். பழைய வீட்டைப் பார்த்த சந்தோஷத்தில் கத்திக்கொண்டே வந்தார்கள். கூடு பறிபோனது எந்த ஆடியானாலும் அதற்கு ஒரு புல் என்று கட்ட, மேற்குப் பக்கம் புல் ஏறிக்கொண்டே போய் ஐம்பதைத் தாண்டியது. சிலம்பாயியின் அந்த ஒற்றைப் புல் எது என்று தேடினாலும் தெரியவில்லை. அவள் வாய்விட்டு அழுதாள், ஆனால் சந்தோஷத்தில் அழுதாள். என் தலையெழுத்தில்லை, என் தலையெழுத்தில்லை என்று இழையனிடம் ஏழெட்டுத் தடவை சொன்னாள்.

அந்தப் பாதிக் கூட்டை அப்படியே மேற்கே விட்டுவிட்டு, இழையன் கிழக்கே புதிதாகத் தொடங்கினான். முனகாமலா செய்வான்? பாதி ஆனதும் அவனே மூடப் போனான். சிலம்பாயி விடவில்லை. எல்லாரையும் கூப்பிட்டாள். பவளி உள்ளே தொங்கி ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தாள். ஊரிலேயே உயர்ந்த அந்த முடிச்சுகளில் இரண்டு கழன்று அவள் அலகோடு வந்தன. இழையன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே அவற்றைத் திரும்பக் கட்டினான்.

ஆடி வந்தது. மேற்கிலிருந்து வந்த காற்றில் ஏழு பனையும் வளைந்தன. கிழக்கே தொங்கிய கூடுகள் ஊஞ்சல் ஆடின, ஒன்றுகூட விழவில்லை. காற்று அடங்கிய மூன்றாம் நாள் சிலம்பாயியின் கூட்டுக்குள்ளிருந்து மூன்று பசித்த குரல்கள் கேட்டன.

அவள் முதல் வேலையாக மருத மரத்துக்குப் போய் மூக்காயியிடம் நடந்ததைச் சொன்னாள். கீற்றுக்கு வெளியே நீட்டியிருந்த மூக்கு உள்ளே போனது. பிறகு மெதுவாக ஒரு கேள்வி வந்தது, மேற்கே மொத்தம் எத்தனை புல் என்று. சிலம்பாயி எண்ணிக்கையைச் சொன்னாள், பழம் எதுவும் கேட்கவில்லை. உள்ளே விதைகள் உருளும் சத்தம் கேட்டது. அடுத்த ஆடியிலிருந்து மூக்காயியின் பதிலும் சரியாகவே வந்தது. இத்தனை கூச்சலில் போய் நிற்க முடியாதவர்கள் இன்றைக்கும் அவளிடம்தான் போகிறார்கள் என்று கேள்வி. மற்ற நாட்களில் அவள் புருஷன் கொம்பன்தான் கீற்று வழியாகப் பழம் ஊட்டுகிறான்.

இருவாச்சி வாசலை அடைத்துக்கொண்டு கீற்று வழியாகத் தின்பது அந்தப் பழக்கத்தில்தான். ஆனால் தூக்கணாங்குருவி மட்டும் அன்று முதல்தான் காற்றுக்கு மறைவான கிழக்குப் பக்கமாகப் பார்த்துக் கட்டுகிறது. கூட்டைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு, வந்து பாருங்கள், இழுத்துப் பாருங்கள், குறை சொல்லுங்கள் என்று சிறகடித்துக் கத்தி ஊரையே அழைக்கிறது. பெட்டை வந்து உள்ளே தொங்கிப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் மீதியை மூடுகிறது.