சிவப்புக்கு யார் ரத்தம்?

ஆப்பிரிக்காவில் கிலாண்டா என்று ஒரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. ஆனால் அதன் கொடியை ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். கறுப்பு, பச்சை, சிவப்பு என்று மூன்று பட்டைகள். கறுப்பு மக்களின் நிறம். பச்சை காட்டின் நிறம். சிவப்பு, அன்னியரை விரட்டிய போரில் செத்தவர்களின் ரத்தம்.

அந்தச் சிவப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் விடுதலை நாளுக்குப் புதுக்கொடி தைப்பார்கள். போரில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள், இழந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புத் துண்டு கொடுக்கும். அதனால் அந்தப் பட்டை மட்டும் ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். ஒரு துண்டு வெளிறியிருக்கும், ஒரு துண்டு பளிச்சென்று இருக்கும். கொடிக்காவலர் அதை ஏற்றி, எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று ஊரறியச் சத்தியம் செய்வார். பொய்ச் சத்தியம் செய்தால் நாக்கை அறுத்துவிடுவார்கள்.

கொடிக்காவலர் லுசேகோவுக்குத் தன் நாக்கின் மேல் பிரியம் அதிகம். பிழைப்பே அதை நம்பித்தான்.

அரசர் முகாண்டோ போர்க்காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அந்த நாட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்டவர்கள் அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை.

விடுதலை நாளுக்கு முந்தின நாள் அமைச்சர் படோண்டே சபையில் எழுந்தார். அவருக்கு லுசேகோவைக் கண்டாலே ஆகாது.

"அரசே, கொடியில் யார் யாருடைய ரத்தமோ இருக்கிறது. உங்கள் வீரத்துக்கு இடமில்லையா? சிவப்பு என்றால் நாட்டுக்காக அரசர் சிந்திய ரத்தம் என்று நாளைக்கு லுசேகோ சத்தியம் செய்யட்டும். என் உடம்பில் ஓடும் ஒவ்வொரு சொட்டும் உங்களுடையது. அந்த உரிமையில் சொல்கிறேன்."

அரசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அந்தக் கந்தல் துண்டுகளும் இனி வேண்டாம். பட்டை ஒரே சிவப்பாகப் பளபளக்கட்டும். லுசேகோ, மறுத்தால் உன் தலை இருக்காது."

செய்தால் நாக்கு போகும், மறுத்தால் தலை போகும். அதைவிட, அன்று காலை வந்த நசாமாவை நினைத்தபோது லுசேகோவுக்கு மனம் கொதித்தது. மூன்று பிள்ளைகளைப் போரில் இழந்தவள். மூன்று துண்டுகளை அவர் கையில் வைத்து, "பக்கத்தில் பக்கத்தில் தைத்துவிடுங்கள் ஐயா, பிரித்துவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"அப்படியே ஆகட்டும் அரசே" என்றார் லுசேகோ.

மறுநாள் காலை அவர் சபைக்கு வந்தபோது தோளில் நீளமாக ஒரு வெள்ளைத் துணி. பின்னால் அரண்மனை வைத்தியர், கையில் கத்தியோடு. அவருக்கும் பின்னால் ஒரு பெரிய அண்டாவை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.

"இதெல்லாம் என்ன?" என்றார் அரசர்.

"சிவப்புப் பட்டைக்கான துணி அரசே. இன்னும் சாயம் ஏற்றவில்லை. கையை நீட்டுங்கள்."

"எதற்கு?"

"நான் பொய்ச் சத்தியம் செய்யக் கூடாதே! சிவப்பு உங்கள் ரத்தம் என்று சொல்வதென்றால், அது உங்கள் ரத்தமாக இருக்க வேண்டாமா? துணி நன்றாக ஊற வேண்டும். பாதி அண்டா போதும்."

வைத்தியர் கத்தியைத் துடைத்தார். அரசர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பாதி அண்டாவா? ஒரு சொட்டு போதாதா?"

"ஒரு சொட்டுக்கு ஒரு பொட்டுதான் வைக்கலாம் அரசே. கீழிருந்து பார்க்கிறவர்கள், கொடியில் கொசுவை நசுக்கியிருக்கிறார்கள் என்பார்கள்."

படோண்டேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். லுசேகோ மெல்ல அவர் பக்கம் திரும்பினார்.

"அடடா, அரசரை ஏன் வருத்த வேண்டும்? தம் உடம்பில் ஓடும் ஒவ்வொரு சொட்டும் அரசருடையது என்று அமைச்சர் நேற்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னாரே. உங்கள் ரத்தம் அங்கே நிறையவே இருக்கிறது."

அரசருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆமாம், சொன்னார்! நானே கேட்டேன்! வைத்தியரே, அந்தப் பக்கம் போங்கள்!"

படோண்டே பின்னால் நகர்ந்து தூணில் முட்டிக்கொண்டார். "அரசே, யோசித்துப் பார்த்தால் பழைய பொருளே நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் துண்டுகளுக்கு ஒரு தனி அழகு. நான் எப்போதும் சொல்வதுதான்."

"நானும் அதையேதான் நினைத்தேன்" என்றார் அரசர் அவசரமாக.

லுசேகோ பழைய முறைப்படி கொடியை ஏற்கெனவே தைத்து வைத்திருந்தார். அதையே ஏற்றினார்கள். நசாமாவின் மூன்று துண்டுகளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு பறந்தன. லுசேகோ அந்த மூன்றையும் பார்த்தபடியே சிவப்பின் பொருளைச் சொல்லிச் சத்தியம் செய்தார்.

விழா முடிந்து சபை கூடியது. அரசருக்கு மனம் ஆறவில்லை.

"எல்லாம் சரி லுசேகோ. இவ்வளவு பெரிய போர். கொடியில் எனக்கென்று ஒரு நிறம்கூடக் கிடையாதா?"

லுசேகோ தோளில் கிடந்த துணியை எடுத்து விரித்தார்.

"ஏன் இல்லை அரசே? பகைவர் நம் கோட்டையை நெருங்கியபோது மாடத்தில் உங்கள் கையாலேயே ஒரு கொடி ஏற்றினீர்களே, அந்த நிறம்தான் இது. சாயம்கூட ஏற்ற வேண்டாம். சேர்த்துத் தைத்துவிடட்டுமா?"

அரசர் அந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேறு வழியில்லாமல், வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி லுசேகோவுக்குப் போட்டார்.

அது சொன்னதற்குப் பரிசா, இனிமேல் சொல்லாமல் இருப்பதற்கா என்று யாரும் கேட்கவில்லை.