பொன்னாடைக்கு வந்த லாபம்

கோயமுத்தூரில் ஊர் நன்மைக்காக நடக்கும் தொழில்கள் எத்தனை, அவை செழிக்கின்றனவா தள்ளாடுகின்றனவா என்று அளக்க, அரசு நலத்துறை இயக்குநர் சந்திரசூடன் படிவம் அனுப்பினார். மகளிர் உணவகம், பார்வையற்றோர் மெழுகுவத்திக் கடை, துணிப்பைக் குழு என்று நாற்பதும் நஷ்டம் என்றே எழுதி அனுப்பின.

"எல்லாமே நோஞ்சான்! நாற்பதையும் இழுத்து மூடுங்க" என்றார் இயக்குநர்.

அறையைக் கூட்டிக்கொண்டிருந்த வேலாத்தாள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். அவள் தங்கை சமைப்பது அந்த உணவகத்தில்தானே! முருகனை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"ஐயா, வாசல் பலகையை ஒரு நாளைக்குக் குடுங்க. நாற்பதும் லாபம்னு காட்டறனுங்க."

"நீயா? காட்டலைன்னா உனக்கு வேலை கிடையாது!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

'நல்ல லாபம் காட்டும் தொழிலுக்கு இயக்குநர் கையால் பொன்னாடை' என்று பலகையில் எழுதினாள் வேலாத்தாள்.

மறுநாள் பட்டுச்சேலை சரசரக்க, நாற்பது தொழில்காரர்களும் லாபக் கணக்கோடு வந்து வாசலில் முண்டியடித்தார்கள்.

இயக்குநருக்கு வேர்த்துவிட்டது. "அப்புறம் படிவத்துல ஏன் அழுதாங்க?"

"அதோட தலையிலேயே 'நலிந்தவருக்கு மானியம்'னு அச்சடிச்சிருந்தீங்களே!"

"அப்ப நெசம் எது?"

"அதுக்குக் காகிதம் பத்தாதுங்க ஐயா, கால் வேணும்."

காரை விட்டு இறங்கியே பழகாத இயக்குநர் மறுநாள் தெருத்தெருவாக நடந்தார். முன்னால் போன வேலாத்தாள் திரும்பிக் கூப்பிட்டாள்:

"வெரசா வாங்க ஐயா, இன்னும் முப்பத்தெட்டு இருக்குதுங்க!"