ஒத்தைக்கால் ராஜா தெரு

மதுரையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பேரில்லாத ஒரு தெரு இருந்தது. குடியிருந்தவர்கள் அதை 'நம்ம தெரு' என்பார்கள். மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

கோடையில் குடிதண்ணீர் லாரி எல்லாத் தெருவுக்கும் போனது. இங்கே மட்டும் வரவில்லை. மாவு அரைத்து விற்கும் பேச்சியம்மாள் மெயின் ரோட்டில் லாரியை மறித்துக் கேட்டாள்.

"பேரே இல்லாத தெருவுக்கு எப்படிம்மா வர்றது?" என்றார் டிரைவர்.

நியாயந்தானே! தெருவின் அறிவாளி தவசி. மூக்குக்கண்ணாடி போட்டவர் அவர் ஒருத்தர்தான். அவர் தலைமையில் பேச்சியம்மாளும் சைக்கிள் கடை மொக்கையனும் லாரி அனுப்புகிற மாநகராட்சி ஆபீசுக்குப் போனார்கள்.

அங்கிருந்த அம்மா தன்மையாகச் சொன்னார்: "உங்க தெருவுக்குன்னு ஒரு வரலாறு இருக்கும். நல்லாத் தோண்டிப் பாருங்க. அதுல ஒரு பேரை எடுத்து வச்சிட்டு வந்து சொல்லுங்க."

மறுநாள் காலை கடப்பாரையோடு தோண்ட ஆரம்பித்தார்கள்.

இடுப்பளவு ஆழத்தில் ஒரு ரப்பர் செருப்பு கிடைத்தது. ஒன்றுதான். மொக்கையன் இன்னும் ஓங்கிக் குத்தினான். பக்கத்துத் தெருவுக்குப் போகிற குழாய் உடைந்து, தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீறிட்டது.

"அடை, அடை!" என்று அலறினார் தவசி. "நமக்குத் தண்ணி வந்துருச்சுன்னு தெரிஞ்சா, லாரி வராம போயிரும்!"

மூவரும் தொப்பலாக நனைந்து, சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டி, பாடுபட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள். பிறகு செருப்பை நடுவில் வைத்து யோசித்தார்கள்.

"ஒத்தைச் செருப்புன்னா ஒத்தைக் கால்," என்றார் தவசி. "ஒத்தைக் காலோட ஒரு ராஜா இந்தத் தெருவை ஆண்டிருக்காரு."

"ராஜா ரப்பர் செருப்பா போடுவாரு?" என்றாள் பேச்சியம்மாள்.

"மழைக்காலமா இருந்திருக்கும். நல்ல செருப்பை அரண்மனையில விட்டுட்டு வந்திருப்பாரு."

அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஒத்தைக்கால் ராஜா தெரு என்று முடிவானது. அடுத்த சிக்கல் வந்தது.

"பேர் வைக்கிறதுன்னா காதுல மூணு தடவை சொல்லணுமே. தெருவுக்குக் காது எங்க இருக்கு?" என்றாள் பேச்சியம்மாள்.

மொக்கையன் வெகுநேரம் யோசித்தான். "தெருமுக்குங்கிறோம்ல? அதான் மூக்கு. மூக்குக்கு ரெண்டு பக்கமும் காது."

போய்ப் பார்த்தார்கள். ஒரு பக்கம் சலூன் சுவர். மறுபக்கம் சாக்கடை ஓரமாக ஒரு பொந்து. சுவரில் ஓட்டை இல்லாததால் பொந்துதான் காது என்றானது. தவசி குப்புறப் படுத்து, வாயைப் பொந்தில் வைத்து மூன்று தடவை பெயரைச் சொன்னார். மூன்றாவது தடவைக்கு ஒரு பெருச்சாளி பதறி வெளியே ஓடியது.

"கேட்டுருச்சு!" என்று பேச்சியம்மாள் குலவையிட்டாள். தெருவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினார்கள்.

ஆபீஸ் அம்மா பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம், "சரி, நாளைக்கு லாரி வரும். டிரைவர் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு," என்றார்.

விடிந்ததும் தெருவே குடத்தோடு வாசலில் நின்றது. லாரி மெயின் ரோட்டிலேயே நின்றது.

"ஒத்தைக்கால் ராஜா தெரு!" என்று டிரைவர் குரல் கேட்டது.

மொக்கையன் வாயைத் திறந்தான். தவசி சட்டென்று அதைப் பொத்தினார்.

"ஒன்னையவா கூப்பிட்டாரு? தெருவையில்ல கூப்பிடுறாரு! அது பதில் சொல்லட்டும்."

எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு தெருவைப் பார்த்தார்கள். டிரைவர் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். தெரு வாயைத் திறக்கவில்லை. லாரி போய்விட்டது.

பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இம்புட்டுப் பாடுபட்டுப் பேர் வச்சோம். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலையே!"

"வையாதே தாயி," என்றார் தவசி. "நேத்துப் பேர் வச்ச பிள்ளை. அதுக்குள்ள எப்படிப் பேச்சு வரும்?"

பிள்ளைக்குப் பேச்சு வர நாக்கில் தடவுகிற வசம்பை வாங்க, மொக்கையன் நாட்டுமருந்துக் கடைக்கு ஓடினான். தெருவுக்கு நாக்கு எந்தப் பக்கம் என்பதில்தான் இன்னும் முடிவு ஏற்படவில்லை.