கோலாகலவர்மன் பெயரை அழித்த வாத்தியார்

முன்னொரு காலத்தில், பெயர் சொன்னால் வம்பு வரும் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், கோலாகலவர்மன் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். புகழ்ந்தால் மட்டும் உருகிவிடுவார்.

விகடகவி ஏகாம்பரத்தின் மேல் ராஜாவுக்கு இருந்த பிரியம் அமைச்சர் உக்கிரசேனரின் கண்ணை உறுத்தியது. விகடகவியை மிஞ்சுவதற்காகப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு சட்டம் எழுதிக் கொண்டுபோனார். ஒவ்வொரு பிள்ளையும் தினமும் முதலில் ராஜாவின் பெயரை மணலில் எழுத வேண்டும். அதைக் கலைப்பவருக்கு நாடு கடத்தல். ராஜா உச்சி குளிர்ந்து முத்திரை வைத்தார். அமைச்சர் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை என்பதை யாரும் கேட்கவில்லை.

கலைக்கக் கூடாத பெயரே இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டதால், முதல் நாளே வேறு எழுத்து எழுத மணல் இல்லாமல் போயிற்று. இரண்டாம் நாள் அம்பலவாணர் என்ற வாத்தியார், பிள்ளைகள் கைகட்டிச் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பொறுக்காமல், பெயரைத் தடவி அழித்துவிட்டு 'ஆ' எழுதச் சொன்னார். சேவகர்கள் அவரைச் சபைக்குப் பிடித்து வந்துவிட்டார்கள்.

விசாரணை தொடங்கும் முன் ஏகாம்பரம் கூடை கூடையாக மணலோடு வந்து நின்றார்.

"பிரபு, தங்கள் திருநாமத்தை எழுத அடியேனுக்கும் அனுமதி வேண்டும்."

ராஜா மகிழ்ந்து தலையாட்டினார். ஏகாம்பரம் சிம்மாசனத்தைச் சுற்றி மணல் பரப்பி, இடம் விடாமல் பெயரை எழுதினார். அவர் எழுதி முடிக்கவும் சாப்பாட்டு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. ராஜா எழுந்து காலைத் தூக்கினார்.

"காலை வைக்காதீர்கள் பிரபு. பெயர் கலையும். கலைத்தவருக்கு நாடு கடத்தல்."

ராஜா மறுபடி உட்கார்ந்தார். மடைப்பள்ளியிலிருந்து மோர்க்குழம்பு மணம் வந்தது.

"அமைச்சரே, உம் சட்டம்தானே? வழி சொல்லும்."

அமைச்சர் ராஜாவின் காதில் சொல்வதற்கு ஓடிவந்து, முதல் எழுத்தின் மேலேயே நின்றார்.

"அமைச்சர் 'கோ'வை மிதித்துவிட்டார் பிரபு" என்றார் ஏகாம்பரம். "கோ என்றால் அரசன் என்று அடியேனுக்கு ஒரு வாத்தியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்."

அமைச்சருக்கு வியர்த்துவிட்டது. ராஜா வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"நீர் ஏன் ஐயா அழித்தீர்?"

"அழித்தால்தான் அடுத்த எழுத்து, பிரபு. என்னிடம் இருப்பது அவ்வளவு மணல்தான்."

ராஜா தன்னைச் சுற்றிக் கிடந்த மணலைக் குனிந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தானே இறங்கித் தன் பெயரைக் காலால் கலைத்தார். சட்ட ஓலையும் கிழிந்தது. அம்பலவாணர் அப்பாடா என்று அந்த மணலிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏகாம்பரத்துக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, "அரசனை மிதித்தவரை என்ன செய்யலாம்?" என்று கேட்டார் ராஜா.

"நாடு கடத்த வேண்டாம் பிரபு. ஒரு மாதம் பள்ளிக்கூடத்துக்குக் கடத்துங்கள்."

நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு மாதம் எழுத்துச் சொல்லிக் கொடுத்துத் திரும்பிய உக்கிரசேனர், அதன்பிறகு பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு வரி சட்டம்கூட எழுதவில்லை.