டோன்ட் மூவ், மகாராஜா!

எப்பவோ ஒரு காலத்தில் கருவேலங்காட்டுச் சீமையை உக்கிரமாறன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனா புதுசா எது கிடைத்தாலும் தலைகால் புரியாது.

அந்த வருஷம் அவனுக்குக் கிடைத்தது இங்கிலீஷ். சொல்லிக்கொடுத்தவன் துபாஷி கனகசபை. வெள்ளைக்காரர் பேச்சை ராஜாவுக்குத் தமிழில் சொல்வதுதான் துபாஷி வேலை. மந்திரி குழைக்காதருக்கும் இங்கிலீஷ் தெரியும். அதனாலேயே அவரைக் கண்டால் கனகசபைக்கு வயிறு எரியும்.

ராஜாவைக் குஷிப்படுத்த அவன் இம்பரேட்டிவ் வாக்கியம் மட்டும் சொல்லிக்கொடுத்தான். "பிரபு, இது ராஜாக்களுக்கென்றே செய்த வாக்கியம். கட்டளை போட மட்டும்தான்!"

அவ்வளவுதான், சபையே நாசம். ராஜா "லுக் அப்!" என்றால் எல்லாரும் கூரையைப் பார்க்கணும். "லுக் டவுன்!" என்றால் தரையை. "டோன்ட் மூவ்!" என்று அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். சேனாபதி மூக்கில் ஈ உட்கார்ந்திருக்கும். மனுஷன் அழாத குறையாக நிற்பார்.

சிரிக்கலாம். ஆனா அப்போது மழை பொய்த்து நாற்றெல்லாம் கருகிக்கொண்டிருந்தது. மேலாற்று மதகு ஒரு வெள்ளைக்காரத் துரை கையில். அந்தத் துரை மறுநாள் வருகிறார். ராஜா அவருக்காக வைத்திருந்த வாக்கியம், "ஓப்பன் தி மதகு!"

"வேண்டாம் அரசே" என்றார் குழைக்காதர். "துரை கோபித்துக்கொண்டு போனால் ஊரே சோற்றுக்குத் திண்டாடும். ஒரு ப்ளீஸ் சேர்த்துக் கேளுங்கள்."

"கெஞ்சச் சொல்கிறீரா? இம்பரேட்டிவ் என்றால் கட்டளை. என்ன கனகசபை?"

"கட்டளையேதான் பிரபு. மந்திரியாருக்கு வயசாச்சு, பாடம் மறந்துபோச்சு, பாவம்."

"மறக்கவில்லை துபாஷி. கேட்டுக்கொள்வதும் எச்சரிப்பதும் புத்தி சொல்வதும் அதே வாக்கியத்தில்தான். அதில் 'யூ', அதாவது 'நீ', வெளியே தெரியாது. அதற்காக எதிரே ஆளே இல்லை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது."

ராஜா முகம் சிவந்துவிட்டது. "அப்படியா? நாளை துரை வருவதற்குள் யாராவது இந்த வாக்கியத்தில் என்னிடம் பேசி, நான் அதன்படி நடந்துவிட்டால் உமது ப்ளீஸைப் போடுகிறேன். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டும். இந்தச் சீமையில் உமக்கு இடமில்லை."

"ஆகட்டும் அரசே."

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய விருந்தாளி வருகிற நாளில் ராஜா சபை நடுவிலேயே சவரம் செய்துகொள்வான். கத்திக்கு முன்னால் கழுத்தை நீட்டுகிற அளவுக்கு ஜனங்களை நம்புகிறானாம். அதைக் காட்டத்தான்.

மறுநாள் காலை சபை கூடியது.

"என்ன மந்திரியாரே, மூட்டை கட்டியாச்சா?" என்றான் கனகசபை.

"வண்டிக்குச் சொல்லிவிட்டேன்."

நாவிதர் அங்கப்பன் வந்தார். ராஜா தாடையில் தண்ணீர் தடவினார். கத்தியைத் தீட்டினார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்: "லுக் அப், மகாராஜா."

ராஜா மோவாயைத் தூக்கினான்.

"லுக் டவுன்."

குனிந்தான். சபையில் குசுகுசுவென்று பேச்சு. கனகசபைக்கு அப்போதுதான் உறைத்தது. "பிரபு! கேட்காதீங்க! சதி!"

ராஜா திடுக்கிட்டு நிமிர்ந்தான். கத்தி நேராகத் தொண்டைக்குழியில் நின்றது.

"டோன்ட் மூவ்" என்றார் அங்கப்பன்.

ராஜா மூச்சே விடவில்லை. எங்கிருந்தோ ஒரு ஈ வந்து அவன் மூக்கில் உட்கார்ந்தது. சேனாபதி முகத்தைப் பார்க்கணுமே, அவ்வளவு சந்தோஷம்!

"அசையுங்க பிரபு! பந்தயம் போகுது!" என்று கத்தினான் கனகசபை.

ராஜா உதடு அசையாமல் பல்லுக்குள்ளேயே சொன்னான். "வாயை மூடுடா... கழுத்து போகுது!"

சபை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. கத்தி விலகியதும் ராஜா எழுந்து நின்றான். "அங்கப்பா! எனக்கே கட்டளை போடுகிறாயா?"

"ஐயோ மகாராஜா, தினமும் தமிழ்ல சொல்றதுதானுங்களே. மேலே பாருங்க, குனியுங்க, ஆடாதீங்கன்னு. இன்னைக்கு இங்கிலீஷ்ல சொல்லுன்னு மந்திரி கேட்டுக்கிட்டாரு. கட்டளை இல்லைங்க, உங்க கழுத்து மேல இருக்கிற அக்கறை."

ராஜா கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அப்புறம் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"குழைக்காதரே, தோற்றேன். என் கழுத்து தப்பித்ததே நான் பேச்சைக் கேட்டதால்தான்."

துரை வந்தார். ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கிப் போய், "ப்ளீஸ் ஓப்பன் தி மதகு" என்றான். மதகு என்றால் துரைக்குப் புரியவில்லை. மந்திரி கையால் திறக்கிற மாதிரி ஜாடை காட்டினார். ப்ளீஸ் மட்டும் நன்றாகப் புரிந்திருந்தது. துரை சிரித்துக்கொண்டே தலையசைத்தார். மதகு துருப்பிடித்துக் கிடக்கிறது, திருக ஆள் வேண்டும் என்றார்.

ராஜா திரும்பினான். "கனகசபை, கோ!"

"எங்கே பிரபு?"

"மதகுக்கு. இது கட்டளையேதான்."

"வண்டி வாசலில் நிற்கிறது துபாஷி" என்றார் குழைக்காதர்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். மோதிரத்தை அங்கப்பனுக்குக் கொடுத்தான். சாயங்காலம் வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று வந்தது. ஊரே இறங்கிக் குதித்தது. கையெல்லாம் கொப்புளமாகத் திரும்பி வந்த கனகசபையிடம் ராஜா சொன்னான், "ப்ளீஸ் சிட்." அவன் உட்கார்ந்தான்.

அதற்கப்புறம் அந்தச் சபையில் "டோன்ட் மூவ்" சொல்கிற உரிமை அங்கப்பன் ஒருத்தருக்குத்தான். சேனாபதி தன் ஈயைத் தாராளமாக விரட்டிக்கொண்டார்.