ஒரு கரண்டி உறைமோர்

“சாமி, எனக்குச் சமைக்க வந்துடுச்சு. சாப்பிடத்தான் வரலை.”

தணிகாசலம் இதைச் சொன்னபோது சாமி கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மலையடிவாரத்தில் ஓடு வேய்ந்த ஒற்றைக் கட்டடம். மடம் என்று பெயர்தான், இருப்பவர் சாமி ஒருவர். தணிகாசலத்தைவிடப் பத்து வயது இளையவர். தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி வேதவல்லி போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

“ஏன் வரலை?”

“உப்பு, புளி எல்லாம் அவ அளவுதான். ருசியும் அவ ருசிதான். தட்டுல போட்டுக்கிட்டு உட்கார்ந்தா ஒரு வாய் இறங்க மாட்டேங்குது. எதிர்ல சுவர்தான் இருக்கு.”

“சுவருக்கும் கொஞ்சம் வைக்கறதுதானே.”

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

“என்னை இங்கயே சேர்த்துக்கங்க சாமி. வீட்டைப் பூட்டிட்டு வந்துடறேன். உங்களுக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டு ஒரு மூலையில கிடக்கறேன்.”

சாமி கடைசிக் கொத்தவரங்காயையும் கிள்ளி முடித்தார்.

“ஒரு சட்டி தயிர் கொண்டாங்க. உங்க வீட்டுல உறைஞ்சதா இருக்கணும். பாக்கெட் தயிர் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. சாப்பிட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

*

இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தார்.

பாலைக் காய்ச்சினார். ஆறவைத்தார். விரல் விட்டுப் பார்த்தார், பொறுக்கும் சூடு. அதற்குமேல் கை ஓடவில்லை.

உறை ஊற்ற மோர் இல்லை.

வேதவல்லியின் தயிர் முந்தின நாள் தயிரில் இருந்து வந்தது. அது அதற்கும் முந்தின நாள் தயிரில் இருந்து. அவள் இறந்த வாரம் அந்தத் தயிர்ச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தவர் இவர்தான்.

உறைமோருக்குப் பதில் மிளகாய்க் காம்பைப் போட்டுப் பார்த்தார். மறுநாள் தண்ணீரும் திப்பியுமாகப் பிரிந்து கிடந்தது.

பக்கத்து வீட்டில் சுலோச்சனா இருக்கிறாள். கேட்கலாம்தான். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்னால், அவள் ஒரு டம்ளரோடு சர்க்கரை கேட்டு வாசலில் நின்றபோது, “நாம என்ன ரேஷன் கடையா வச்சிருக்கோம்?” என்று உள்ளேயிருந்து கேட்டவர் தணிகாசலம். வேதவல்லியிடம்தான் கேட்டார். வாசலுக்கும் கேட்டது. அதற்குப் பிறகு சுலோச்சனா இந்தப் படி ஏறியது ஒரே தடவை. சாவுக்கு வந்தாள். ஓரமாக நின்றாள். போய்விட்டாள்.

பொழுது சாயட்டும் என்று இருந்தார். டம்ளரைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு போனார்.

“கொஞ்சம் உறைமோர்...”

சுலோச்சனா டம்ளரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“விளக்கு வச்சாச்சுங்களே. விளக்கு வச்சப்புறம் மோர் வெளியே குடுக்கறதில்ல. காலையில வாங்க.”

கதவு சாத்திக்கொண்டது.

அந்தச் சொல்லை ஆறு வருஷம் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தார். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

*

விடிந்ததும் விடியாததுமாக மடத்தில் நின்றார்.

“தயிர்?”

“குடுக்க மாட்டேன்னுட்டாங்க சாமி. விளக்கு வச்சாச்சாம். இந்த வயசுல டம்ளரைத் தூக்கிக்கிட்டுப் போய் நின்னேன் பாருங்க.”

“அவ்வளவுதான் சொன்னாங்களா?”

“காலையில வரச் சொன்னாங்க. அது சும்மா, ஒரு பேச்சுக்குச் சொல்றது.”

“இப்ப என்ன நேரம்?”

“காலை...” என்றவர் நிறுத்திக்கொண்டார்.

“பின்ன இங்க என்ன பண்றீங்க?” என்றார் சாமி.

*

பஸ் பிடித்துத் திரும்பி வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. சுலோச்சனாவின் வீடு பூட்டியிருந்தது. வேலைக்குப் போயிருப்பாள்.

தணிகாசலத்தின் வீட்டு வாசற்படியில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. அதை மூடி ஒரு தட்டு. பூனை தள்ளிவிடாமல் இருக்கத் தட்டின் மேல் ஒரு செங்கல் துண்டு.

தட்டைத் தொட்டார். வெயிலில் சுட்டது.

எத்தனை தடவை கதவைத் தட்டினாளோ.

மோர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்தார்.

*

மறுநாள் தயிர்ச் சட்டியோடு ஒரு துணிப்பையும் மடத்துக்கு வந்தது. பையில் நாலு வேட்டி, சவர சாமான், வேதவல்லியின் படம்.

சாமி ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

“புளிப்பு.”

“உறைமோர் வெயில்ல இருந்துடுச்சு சாமி. வந்து வச்சுட்டுப் போயிருக்காங்க. நான்தான் வீட்டுல இல்ல.”

“ம்.”

சாமி சட்டியை வழித்துச் சாப்பிட்டார். கை கழுவினார். துணிப்பையின் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை.

“அப்ப நான் இருந்துக்கட்டுமா?”

“கிண்ணத்தைத் திருப்பிக் குடுத்தாச்சா?”

“கழுவிக் கவுத்து வச்சிருக்கேன். மிச்ச சாமான் எடுக்கப் போறப்ப குடுத்துடறேன்.”

“வெறுங்கிண்ணமாவா?”

வேதவல்லி இருந்தவரை அந்த வீட்டில் இருந்து எந்தப் பாத்திரமும் வெறுமனே திரும்பிப் போனதில்லை. இரண்டு கரண்டி ரசமாவது போகும்.

சாமி வாசலைப் பெருக்க ஆரம்பித்தார். ஒரு மூலையில் இருந்து மறு மூலைவரை பெருக்கி முடித்தார். தணிகாசலம் உள்ளங்கையைக் குழித்து, அதில் எவ்வளவு புளி கொள்ளும் என்று பார்ப்பதுபோல் பார்த்தார்.

“சாமி.”

“சொல்லுங்க.”

“அந்தம்மா காரம் சாப்பிடுவாங்களா?”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் சாமி.