கையைக் கட்டிக்கொண்டு ஒரு பதில்

அரசு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், மனநல டாக்டர் நாகலிங்கத்தின் முன்னால் சீட்டோடு உட்கார்ந்திருந்தாள் தையல்காரி அற்புதமணி. பிறவியிலேயே காது கேட்காது. புருஷன் இறந்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. டாக்டர் சான்று தந்தால்தான் மிஷினில் உட்கார விடுவோம் என்றுவிட்டது கம்பெனி.

அங்கே சைகை மொழி தெரிந்த ஒரே ஆள் லிஃப்ட் ஓட்டும் இசக்கிமுத்து. அவனைப் பெற்றவர்கள் இருவருக்குமே காது கேட்காது. லிஃப்டை நிறுத்திவிட்டு வந்து நின்றான்.

டாக்டர் முதல் கேள்வியைக் கேட்டார். அவள் கைகள் பறந்தன. புருவம் ஏறி இறங்கியது. இசக்கிமுத்து வாய் திறப்பதற்குள் டாக்டர் தாளில் "கடும் பரபரப்பு" என்று எழுதிவிட்டார்.

"என்ன ஆட்டம் இது? மரியாதையா கையைக் கட்டிக்கிட்டு பதில் சொல்லச் சொல்லுப்பா."

அவன் அப்படியே சைகையில் சொன்னான். அவள் சிரித்தாள். சுருக்கமாக ஏதோ காட்டிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள்.

"என்னவாம்?"

"கட்டியாச்சாம், சார். நீங்க வாயை மூடிக்கிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டீங்கன்னா, அவங்களும் இப்படியே பதில் சொல்லிடுவாங்களாம்."

டாக்டர் வாயைத் திறந்தார், மூடினார். அவள் கட்டிய கையோடு பொறுமையாகக் காத்திருந்தாள். கடைசியில் அவர் எழுதியதை அடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"தூக்கம் எப்படிம்மா இருக்கு?"

கட்டிய கை அவிழ்ந்தது.

அன்றைக்கு ஒரு மணி நேரம் லிஃப்ட் ஓடவில்லை. ஆஸ்பத்திரி சூப்பரிண்டெண்ட் மூச்சிரைக்கப் படியேறி, "இசக்கிமுத்து எங்கேய்யா?" என்று கத்திக்கொண்டே கதவைத் தள்ளினார். டாக்டர் வாயே திறக்கவில்லை. உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

சூப்பரிண்டெண்டுக்கு நன்றாகவே புரிந்தது.